சங்கு டீச்சர் அண்ணாந்து பார்க்காத நாள்

அந்த ஊரில் யார் எந்தப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று கண்டுபிடிப்பது சுலபம். சிவப்பு விளக்கில் நின்றதும் மற்றவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். சிலர் மட்டும் கண்ணாடி வழியாகத் தலையைச் சாய்த்துக் கூரைகளைப் பார்ப்பார்கள். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. சங்கு டீச்சரிடம் படித்தவர்கள், வேறொன்றுமில்லை.

சங்கு என்றால் வாயில் வைத்து ஊதுகிற சங்கு அல்ல. வெள்ளம் வந்தாலோ, தீப்பிடித்தாலோ, ஆலையில் வாயு கசிந்தாலோ ஊரை எழுப்புவதற்காகக் கூரை மேலும் கம்பத்து உச்சியிலும் வைத்திருக்கிறார்களே, அந்த சைரன். பழைய ஆட்கள் அதைச் சங்கு என்பார்கள். டீச்சரும் அப்படியே சொல்வாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்புவாள்.

ஆள் குட்டை. வண்டிக்குள் ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் முன்னால் சாலை தெரியும். இத்தனை வருஷமாக ஒரே கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில் ஒரு கை ஒரு நிறம், மறு கை வேறு நிறம். குரல் மட்டும் ஆளை மீறியது. பக்கத்துத் தெருவில் வேறு பள்ளிக்காரன் வண்டியில் இருக்கிற பையன்கூட அவள் "கியர்" என்றால் கியரை மாற்றிவிடுவான்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அண்ணன் நடத்துகிற ஓட்டுநர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சமயம். ஒரு பல் மருத்துவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடிநீர்த் தொட்டிப் பக்கம் வரும்போது தலைக்கு மேலே ஏதோ உறுமத் தொடங்கியது. முதலில் அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு சத்தம். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஏறி, இனிமேல் ஏற முடியாது என்று நினைக்கும்போது இன்னும் ஏறியது. டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தாள். கம்பத்து உச்சியில் பச்சைப் பீப்பாய்க்குக் குடை பிடித்தது மாதிரி ஒன்று. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பல் மருத்துவர் வண்டிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மறுநாளே போய்ப் படம் எடுத்தாள். அந்த வாரத்துக்குள் தீயணைப்பு நிலையத்துச் சங்கு, பள்ளிக்கூடக் கூரைச் சங்கு, ரயில் பணிமனைச் சங்கு. பிறகு நீள லென்ஸ் வைத்த கேமரா வந்தது. முக்காலி வந்தது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், நாலு பக்கமும் எடுக்க வேண்டும், கம்பத்தின் அடியில் செய்தவர்கள் பெயர் பொறித்த தகடு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும், ஏறக் கூடாது, தொடக் கூடாது, காவலாளியைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. எல்லாம் அவளாகவே வகுத்துக்கொண்ட சட்டம். ஒரு கிடங்கின் காவலாளி அவளை நகராட்சி ஆள் என்று நினைத்துக் கூரை ஒழுகுகிற இடங்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினார். டீச்சர் அவற்றையும் பொறுமையாகப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பொழுதுபோக்கு வேறு, பிழைப்பு வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவளிடம் கிடையாது. ஓரங்கட்டப் பழக்குவது குடிநீர்த் தொட்டிக் கம்பத்தின் கீழே. பின்னால் எடுக்கப் பழக்குவது தீயணைப்பு நிலையச் சந்தில். மேட்டில் நிறுத்திக் கிளப்புவது பள்ளிக்கூடத்து வாசலில். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை நண்பகலில் ஊரிலுள்ள எல்லாச் சங்குகளையும் சோதனைக்காக ஊதிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யார் பாடத்தில் இருந்தாலும் "ஓரங்கட்டு" என்பாள். கண்ணாடியைப் பார், விளக்கைப் போடு, ஓரத்தில் நிறுத்து, கை பிரேக்கை இழு, இஞ்சினை அணை. அதற்குப் பிறகு டீச்சரின் தலை ஜன்னலுக்கு வெளியே. சங்கு ஓயும்வரை பாடம் இல்லை. சோதனை இல்லாத நாட்களில் தன் கைப்பேசியில் இருக்கிற பதிவை ஊதவிட்டு அதற்கும் ஓரங்கட்டச் சொல்வாள். ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கத் தெரிய வேண்டாமா என்பது அவள் சொல்கிற காரணம். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனுக்குத்தான் எரிச்சல். "நீ ஓட்டச் சொல்லித் தர்றியா, நிறுத்தச் சொல்லித் தர்றியா?"

"நிறுத்தத் தெரிஞ்சவங்கதாண்ணே ஓட்டணும்."

வீட்டுக்காரர் கதை அதைவிட மோசம். அவர் ரொட்டி சுடுகிறவர். ஊர் தூங்கும்போது அவருக்கு வேலை, ஊர் விழித்திருக்கும்போது அவருக்குத் தூக்கம். நண்பகல் என்பது அவருக்கு நடுச்சாமம். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் தலையணை, தலையணைக்கு மேல் கை என்று அடுக்கி வைத்துக்கொண்டு படுப்பார். முதல் புதன்கிழமைகளில் அத்தனையும் வீண். "ஆபத்து வந்தா ஊதட்டும், எழுந்துக்கிறேன். ஆபத்து ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்று கேட்பார். ஊரிலேயே சங்கைப் பிடிக்காத ஒரே ஆளைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டோமே என்று டீச்சர் சிரிப்பாள்.

ஊரிலுள்ள எல்லாச் சங்கையும் படம் எடுத்து, எல்லாச் சத்தத்தையும் பதிவு செய்து முடித்தாயிற்று, ஒரே ஒரு சங்கின் சத்தத்தைத் தவிர. அது சந்தைக் கட்டடத்தின் கூரையில் இருந்தது. மற்றவை மாதிரிப் பீப்பாயும் குடையும் இல்லை. அகலமாக வாயைத் திறந்த ஒரு பெரிய இரும்புக் கொம்பு, அதைத் தாங்குகிற ஒரு அச்சு. அது சுழலும் சங்கு. ஊதும்போது தலை மெதுவாக வட்டமடிக்க வேண்டும். அப்போதுதான் நாலா திசைக்கும் முறை வைத்துச் சத்தம் போகும். ஆனால் டீச்சர் அந்த வேலைக்கு வருவதற்கு முன்பே அது ஊமையாகிவிட்டது. புறாக்கள் குடும்பம் நடத்தின. டீச்சர் அதை மழையில் எடுத்திருக்கிறாள், வெயிலில் எடுத்திருக்கிறாள், எதிர்க் கட்டடத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அங்கிருந்தும் எடுத்திருக்கிறாள். சத்தத்தை மட்டும் எடுக்க முடியவில்லை.

கைப்பேசியில் அவளுக்கு ஒரு குழு இருந்தது. எங்கெங்கோ இருக்கிற, அவளைப் போலவே கழுத்து சுளுக்கிய சங்குப் பித்தர்கள். அந்தச் சந்தைச் சங்கு பற்றி அங்கே பெரிய வழக்கே நடந்தது. இத்தனை வருஷம் சும்மா கிடந்த அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கும், இனி ஊதினாலும் தலை திரும்பாது என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர், தபால்காரர் என்று மட்டும் எல்லோரும் அறிந்த ஒரு மனிதர். திரும்பும் என்பது டீச்சர் கட்சி. அந்தக் கட்சியில் டீச்சர் மட்டும்தான் இருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சந்தைப் பக்கம் போனவள் கூரையில் ஆள் நடமாட்டம் பார்த்தாள். மாணவரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு ஓடினாள். ஏணியிலிருந்து இறங்கின மின்பணியாளர் கையெல்லாம் கிரீஸ்.

"என்னங்க, கழட்டப் போறீங்களா?" என்று ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் டீச்சர்.

"கழட்டறதா? சரி பண்ணிட்டோம்மா. மோட்டார் ஓடுது. வர்ற புதன்கிழமை மத்ததுங்களோட சேத்து ஊதப் போறாங்க."

"தலை சுத்துமா?"

"அது எங்களுக்கே தெரியாது. ஊதும்போது பாத்துக்கங்க."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக்குத் திரும்பி வந்தவள் மாணவர் இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டு கிளப்பிவிட்டாள். காற்று வாங்க இறங்கியிருந்த மாணவர் நடைபாதையில் நின்று கை தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் தூங்குகிற மனுஷனை உலுக்கி எழுப்பி, காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி, "சந்தைச் சங்கு ஊதப் போகுதுங்க" என்றாள். அவர் வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்துப் போர்வையோடு வாசல்வரை ஓடினார். குழுவில் செய்தியைப் போட்டதும் தபால்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: பார்க்கத்தானே போகிறோம்.

அந்தச் சமயத்தில் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நர்ஸம்மா. படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற செவிலி. புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், குழாய் மாற்றுவாள், நாலு ஆள் பிடிக்க முடியாத கிழவரை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுவாள். ஒரு பேருந்திலிருந்து இன்னொரு பேருந்துக்கு ஓடியே பாதி நாள் போய்விடும். இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் நிறுவனம் வண்டி கொடுத்து வேலையை நிரந்தரமாக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். இரண்டு தடவை தேர்வுக்குப் போய் இரண்டு தடவையும் தோற்றிருந்தாள். மூன்றாவதிலும் தோற்றால் அரை வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஓட்டத் தெரியாமல் தோற்கவில்லை. பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் போதும், கிளட்சிலிருந்து கால் தானாக எழுந்துகொள்ளும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். "என்னைத்தான் திட்டுறாங்கன்னு தோணுதுக்கா. கை கால் ஓட மாட்டேங்குது" என்பாள். டீச்சர் அவளுக்காக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். எதற்கும் பலனில்லை. ரத்தத்தைக் கண்டு அசராதவள் ஹாரனைக் கேட்டு வெளிறிப்போனாள்.

தேர்வுத் தேதி வந்தது. அதே புதன்கிழமை. நேரம், நண்பகலுக்குச் சற்று முன்னால்.

அண்ணன் தேதி போட்ட தாளை நீட்டியபோது டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. தேர்வு வண்டி பள்ளியுடையது என்பதால் பள்ளி ஆள் யாராவது பின் இருக்கையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. இருக்கலாம், அவ்வளவுதான். பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது, அசையக் கூடாது. அப்படி ஏதாவது செய்தால் தேர்வு அந்த இடத்திலேயே ரத்து.

"நான் உக்காந்துக்கிறேன்" என்றார் அண்ணன். எத்தனை எரிச்சல் இருந்தாலும் தங்கச்சி மேல் அவருக்குப் பாசம் உண்டு. "பின்னால பொம்மை மாதிரி உக்கார்றதுக்கு நீ எதுக்கு? போய் உன் சங்கைப் பாரு."

"ஆமாக்கா, நீங்க போங்க" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா. "எத்தனை வருஷமாக் காத்துட்டிருக்கீங்க. நான் பாத்துக்கிறேன்." வாய் அப்படிச் சொன்னது. விரல்கள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தன.

டீச்சர் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று வீடு வருகிறவரை தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சங்கு அடுத்த மாசமும் ஊதத்தானே போகுது" என்றார் வீட்டுக்காரர்.

"முதல் தடவை அடுத்த மாசம் வராதுங்க."

"அப்ப சந்தைக்குப் போ."

"அவ கை நடுங்குதுங்க."

"அப்ப அங்க போ."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், தூங்குங்க" என்று எரிந்து விழுந்தாள். அவர் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் முக்காலியையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு சந்தைக்குத்தான் கிளம்பினாள். எதிர்க் கட்டடத்து மாடியில் இடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள். முச்சந்தி வரை போனாள். அங்கே நின்றாள். வாய்விட்டு ஒரு வசவை உதிர்த்துவிட்டுத் தேர்வு மைதானத்துப் பக்கம் திரும்பினாள். தியாகம் செய்கிற பெருமிதமெல்லாம் துளியும் இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. முக்காலியை வண்டியின் பின்பெட்டியில் போட்டு அறைந்து மூடியபோது அண்ணனே ஒதுங்கி நின்றார். நர்ஸம்மா மட்டும் அவளைக் கண்டதும், அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

தேர்வு அதிகாரியை ஊரில் பென்சில் சார் என்பார்கள். காதில் எப்போதும் ஒரு பென்சில். சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னால் ஏறினார், டீச்சர் பின்னால் ஏறினாள், நர்ஸம்மா கண்ணாடிகளைச் சரிசெய்துகொண்டு கிளப்பினாள். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. எப்போதும் சுற்றுச்சாலையில்தான் கூட்டிப்போவார்கள். அன்று வாசலைத் தாண்டியதும் பென்சில் சார், "சுத்துச்சாலையில குழாய்க்குத் தோண்டியிருக்காங்க. சந்தைப் பக்கம் விடுங்க" என்றார்.

சந்தையா என்று டீச்சர் வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். அசையக் கூடாது. மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். தெருக்கள் ஒவ்வொன்றாகச் சந்தையை நோக்கித் திரும்பின. நர்ஸம்மா நன்றாகத்தான் ஓட்டினாள். ஒரு மிதிவண்டிக்கு வழி விட்டாள், பாதசாரிகள் கடக்க நின்றாள், சரியாகக் கியர் மாற்றினாள். சந்தை முகப்பு தெரிந்தது. காய்கறி வண்டிகள், கூடைகள், சுமை இறக்குகிற லாரிகள். கூரை மேலே அந்தக் கொம்பு. புறாக்கள் இல்லை. டீச்சர் பார்த்துவிட்டாள், ஊதுவதற்காகக் கொம்பைத் துடைத்துப் புதுசாகச் சிவப்பு அடித்திருந்தார்கள். கத்த வேண்டும் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சந்தை வாசலுக்கு நேராக வந்தபோது சத்தம் தொடங்கியது. முதலில் வண்டியின் தரையில் ஒரு அதிர்வு, பிறகு அந்த அடித்தொண்டை முனகல், அது எழுந்தது.

நர்ஸம்மா கண்ணாடியைப் பார்த்தாள். விளக்கைப் போட்டாள். ஓரத்தில் நிறுத்தினாள். கை பிரேக்கை இழுத்தாள். இஞ்சினை அணைத்தாள். எல்லாம் அச்சடித்தது போலச் சுத்தமாக, சங்கின் நேர் கீழே.

பென்சில் சார் திரும்பி ஏதோ கேட்டார். நான் நிறுத்தச் சொன்னேனா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் சத்தம் உச்சிக்குப் போய்விட்டது, உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பதில் இல்லை என்றதும் காதிலிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் ஒரு கோடு போட்டார்.

இது நர்ஸம்மா செய்த தப்பில்லை, நான் செய்தது என்று டீச்சருக்குப் பளிச்சென்று தெரிந்தது. சங்கு கேட்டால் நிறுத்து, சங்கு கேட்டால் நிறுத்து என்று மாதக் கணக்கில் அந்தக் காலுக்குள் ஏற்றி வைத்தது யார்? உலகத்தில் வேறு எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் இந்தப் பெண் நேராகப் போயிருப்பாள். அவளுடைய வேலை, வண்டி, இந்த மாதக் கடைசி, எல்லாம் என் பைத்தியத்தால் போயிற்று. வாயைத் திறந்து சொல்லலாம் என்றால் பேசினால் ரத்து. தலைக்கு மேலே அவள் வருஷக் கணக்காகக் காத்திருந்த சத்தம் வண்டியின் கூரைத் தகட்டை அதிர வைத்துக்கொண்டிருந்தது. கழுத்தைக் கொஞ்சம் வளைத்தால் ஜன்னல் வழியாகக் கொம்பு தெரியும். அது அவள் நினைவிலேயே இல்லை. நர்ஸம்மாவின் கைகளையும் அந்தப் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. நடுக்கண்ணாடியில் அவள் கண்கள் டீச்சரைத் தேடின. தலையசைக்க முடியாது. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் டீச்சர் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பென்சில் சார் கையை முன்னால் நீட்டிக் காட்டினார். கிளம்பு.

சந்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிக்குப் பின்னால் ஒரு லாரி, ஒரு பால் வண்டி, இன்னும் என்னென்னவோ. எல்லோரும் ஹாரனை அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். லாரிக்காரரின் உள்ளங்கை ஹாரன் மேல் இருந்ததும் அவர் மற்றக் கையை வீசி வீசித் திட்டியதும் பக்கக் கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தன. ஆனால் அந்தச் சங்குக்குக் கீழே ஒரு ஹாரனும் செல்லுபடியாகவில்லை. நர்ஸம்மா இஞ்சினைக் கிளப்பினாள், கிளட்சை மிதித்தாள், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். கையை வீசுகிற லாரிக்காரரைக் கண்டாள். சத்தம் இல்லாமல் பார்த்தால் அது "வாங்க, முன்னால போங்க" என்பது போலத்தான் இருந்தது. அவள் அவருக்கு நன்றியோடு தலையை ஆட்டினாள். லாரிக்காரர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் திட்டினதற்கு யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை போலிருக்கிறது. பிரேக்கை மிதித்து வழி விட்டார்.

வண்டி புறப்பட்டது. குலுங்கவில்லை, அணையவில்லை. முதல் கியர், இரண்டாவது கியர். கூடைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே, அத்தனை பேரின் திட்டுக்கும் நடுவே, தனியாக ஒரு வெற்றுச் சாலையில் போகிறவள் மாதிரி நர்ஸம்மா ஓட்டினாள். டீச்சர் பின்னாலிருந்து அசையாமலே தன் முழு உடம்பாலும் அந்த வண்டியைத் தள்ளினாள்.

சந்தை முனை திரும்பும்போது சங்கு இறங்கத் தொடங்கியது. அடுத்த தெருவில் அது ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு பின்னால் வந்த ஒரு வேன்காரர் ஹாரனை அழுத்தினார். நர்ஸம்மாவின் தோள் துள்ளியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

மைதானத்தில் இறங்கியதும் பென்சில் சார் அட்டையைப் பார்த்தபடி நின்றார்.

"நான் சொல்லாம ஏன் நிறுத்தினீங்க?"

நர்ஸம்மா வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். தேர்வு முடிந்துவிட்டது, இனி பேசலாம். "நான்தான் சார் அப்படிப் பழக்கினேன். சங்கு கேட்டா ஓரங்கட்டச் சொல்லி. தப்பு என்னோடது, அவங்க மேல போட்டுடாதீங்க."

"தப்புதான்" என்றார் அவர். "ஒரு கோடு போட்டிருக்கேன். ஒரு கோட்டுக்கெல்லாம் யாரும் ஃபெயில் ஆகறதில்ல." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அந்தக் கூட்டத்துல கிளம்பினாங்களே, அதுக்குக் கோடு போட எனக்கு இடமே கிடைக்கல. பாஸ்."

நர்ஸம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். டீச்சர் அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டாள். குட்டை ஆள், நெட்டையான நர்ஸம்மாவின் இடுப்போடு சேர்த்து இறுக்கியதில் அண்ணன் விலக்கிவிட வேண்டியதாயிற்று. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்புறம் நர்ஸம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, சுத்துச்சா?"

"எது?"

"சங்குக்கா. தலை சுத்துச்சா?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள், அது ஊதியதில் பாதி நேரம் அங்கேயேதான் இருந்தாள், ஊதும்போது ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. எப்படி ஊதியது, எவ்வளவு உயரம் ஏறியது, ஒன்றும் மனதில் தங்கவில்லை. "நான் பாக்கலடி" என்றாள். நர்ஸம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது சந்தைத் தெருவை விட்டுச் சுற்றிப் போனாள். கைப்பேசியில் குழு கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றியதா, சுற்றியதா என்று அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். தபால்காரர் இரண்டு தடவை கேட்டிருந்தார். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சமையலறை மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது.

"அந்தப் பொண்ணு?"

"பாஸ்."

"அப்பாடா. சங்கு?"

"ஊதுச்சு. நான் பாக்கல." அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்குக் கீழயே இருந்தேங்க. ஊர்ல எல்லாரும் கேட்டிருப்பாங்க. எனக்குத்தான் எப்படி இருந்துச்சுன்னே தெரியல."

"எல்லாரும்தான் கேட்டோம். நல்லாக் கேட்டோம்" என்றார் அவர் கடுப்போடு. "இத்தனை நாளா இருந்ததுங்களாவது பரவாயில்ல. வரும், தலைமேல உக்காரும், போயிடும். இது என்னை வெச்சு விளையாடுது. வந்துச்சு. சரி, போயிடுச்சேன்னு தலையணையை எடுத்தேன். திரும்ப வந்துச்சு. திரும்பப் போச்சு. பஞ்சை எடுத்தேன், மறுபடி வருது. எழுந்து உக்காந்தே விட்டேன்."

டீச்சர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"தூங்க விடலைங்கறேன்."

"இல்ல. போச்சு, வந்துச்சுன்னீங்களே. நின்னு நின்னு ஊதுச்சா? இல்ல, நிக்காமயே தூரமாப் போயி, கிட்ட வந்துச்சா?"

அவர் யோசித்தார். அவர் சங்கைப் பற்றி யோசிப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நிக்கல. யாரோ அதைத் தூக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி நடக்கிற மாதிரி இருந்துச்சு."

அவள் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காப்பி மேசையில் கொட்டியது. "சுத்துதுங்க. தலை சுத்துது. வாய் நம்ம பக்கம் திரும்பும்போது கிட்ட வருது, அந்தப் பக்கம் போகும்போது தூரமாப் போகுது. அப்படித்தான் சுத்துறது கேக்கும். கீழ நின்னு கவனிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு நல்லாக் கேட்டிருக்காது." அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "எப்படி இருந்துச்சு? ஊதிக் காட்டுங்க."

"யாரு, நானா?"

"நீங்கதானே கேட்டீங்க. நான் கேக்கலையே."

அவர் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அடித்தொண்டையில் முனகலாகத் தொடங்கி, மெதுவாக ஏற்றி, முகம் சிவக்கிறவரை ஏற்றி, அப்புறம் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் குரலைத் தேய்த்து, மறுபடி அவள் பக்கம் திரும்பி உயர்த்தினார். மேல்மாடியில் நாற்காலி நகர்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னும் மெதுவாத் திரும்பியிருக்கும்" என்றாள். "இன்னொரு தடவை."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதினார்.